வெற்றிலைக்குத் தாய்வீடு

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில், சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சோழவந்தான். வைகைக் கரை ஊர். ஜெனகை மாரியம்மன் கோயிலும் வெற்றிலையும்தான் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. 2023-ஆம் ஆண்டு சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நான், கொடிக்காலைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று ஒரு நாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கொடிக்காலுக்குள் நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கிறது! நீளமான மேட்டுப் பாத்திகள், நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள். பாத்தி நெடுகிலும் வரிசையாக அகத்தி. அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது வெற்றிலைக் கொடி. வெற்றிலை பார்க்கப் போனவள், அகத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாழைநாரால் கொடியை அகத்தியோடு கட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். "அக்கா, முதல்ல நடுறது வெத்தலையா, அகத்தியா?" என்று கேட்டேன்.

"அகத்தியைத்தான் தாயி முதல்ல விதைக்கணும். அது ரெண்டு மூணு மாசம் வளந்து நின்ன பொறவுதான் கொடி வைப்போம். அகத்திதான் வெத்தலைக்குத் தாய்வீடு" என்றார்.

எவ்வளவு பொருத்தமான வார்த்தை! வெற்றிலைக்கு நேர் வெயில் ஆகாது. அகத்தியின் சின்னச் சின்ன இலைகள் வெயிலைச் சல்லடையாகச் சலித்து விடுகின்றன. சாய்ந்துகொள்ளத் தண்டு, தலைக்கு நிழல். அதோடு வேருக்கு உரமும் கொடுக்கிறது.

இந்த உர விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அகத்தி, அவரை, துவரை குடும்பத்தைச் சேர்ந்தது. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக மாற்றிக் கொடுக்கின்றன. அந்த அம்மாள் ஓர் இளங்கன்றைப் பிடுங்கி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு! அப்படியிருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள்தான் அங்கேயும் இருக்கிறதாம்.

ஆனால், அகத்தி பக்கத்தில் நின்றாலே மண் வளமாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்து வைத்த சத்தில் பெரும்பகுதி செடியின் உடம்பிலேயே இருக்கும். உதிர்ந்த இலையும் பழைய வேரும் மக்கினால்தான் அது மண்ணுக்கு வரும். அதனால்தான் அந்த அம்மாள் கழித்த கிளையில் பாதியைக் கீரைக்கும் ஆட்டுக்கும் ஒதுக்கி, மீதியைப் பாத்தியிலேயே போட்டுவிடுகிறார். "கைக்கு ஒரு பங்கு, காலடிக்கு ஒரு பங்கு. முழுசும் வாரிக்கிட்டா மண்ணு என்னத்தைத் திங்கும்?" என்றார்.

அகத்திக்கு ஒரு குறையும் உண்டு. மரம் மெத்து, காற்றுக்குத் தாங்காது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காற்று மழையில் இவருடைய அகத்தி வரிசை வரிசையாகச் சாய்ந்ததாம். கூடவே கொடியும் போயிற்று. "மக கல்யாணத்துக்குச் சேத்த காசைத்தான் மறுபடி இதுல போட்டேன். வெத்தலையை உடனே வச்சிர முடியுமா? திரும்ப அகத்தி விதைச்சு, அது வளர்ற வரைக்கும் காத்துக் கிடந்தேன்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. கைமட்டும் நார் கட்டுவதை நிறுத்தவில்லை. மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்ட பிறகுதான் எனக்கும் மனசு ஆறியது.

கொல்லையில் நாலடி இடமிருந்தால் நீங்களும் அகத்தி வைக்கலாம். அவர் சொன்ன பக்குவம் இது:

நல்ல வெயில் படும், காற்று மோதாத இடமாகப் பாருங்கள். விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதர் மாதிரி அடர்ந்து நிற்கும், கீரையும் கைக்கெட்டும். யூரியா போடாதீர்கள். மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். கீரை பறிக்கும்போது ஒரேயடியாக மொட்டையடிக்கக் கூடாது, செடி பட்டுப்போகும். மூன்றில் ஒரு பங்கு இலையாவது செடியிலேயே இருக்கட்டும். முற்றிய இலை, காம்பு எல்லாவற்றையும் அடியிலேயே போட்டு மண்ணால் மூடிவிடுங்கள்.

100 கிராம் அகத்திக்கீரையில் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 8 கிராம் புரதமும் இருக்கின்றன. கீரையிலுள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடாது என்றாலும், வாரம் ஒரு நாள் சேர்த்துக்கொள்வது நல்லதுதான். காம்பை நீக்கிப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு நன்றாக வேகவிட்டு, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது. அரிசி களைந்த தண்ணீரில் சின்ன வெங்காயத்தோடு வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாறாகவும் வைக்கலாம். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அகத்தி ஆகாது என்பார்கள் பெரியவர்கள். அப்படிப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது.

கிளம்பும்போது அந்த அம்மாள் என் முந்தானையில் ஒரு கைப்பிடி அகத்தி விதையை முடிந்து கொடுத்தார். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீடுகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் அகத்தி துளிர்விட்டிருக்கிறது!