வெயில் ஆகாதவர்களின் கார்

நியூயார்க் மாநிலத்தில் எம்வி-80டபிள்யூ என்றொரு படிவம் உண்டு. காரின் முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும் என்பது இங்கே சட்டம். 2017 முதல் ஆண்டுச் சோதனையிலேயே இதை அளக்கிறார்கள். ஆனால் லூபஸ், போர்ஃபிரியா, அல்பினிசம் போன்ற நோய் உள்ளவர்கள் அந்தப் படிவத்தில் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால், அடர்ந்த ஃபிலிம் ஒட்ட அனுமதி கிடைக்கும்.

என் மனைவிக்கு லூபஸ். இந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். வெயில் பட்டால் முதலில் கன்னங்கள் சிவக்கும், பிறகு விரல் மூட்டுகள் வீங்கும், காய்ச்சலில் படுத்துவிடுவாள். காருக்குள்தானே இருக்கிறாள் என்று பலர் நினைக்கிறார்கள். முன்கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. புறஊதாக் கதிரில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றை. புறஊதாவில் யுவிபி வகை அதில் நின்றுவிடும், யுவிஏ வகை உள்ளே வந்துவிடும். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால், அவளுக்கு இடது முழங்கையில்தான் தடிப்பு அதிகம். ஃபிலிம் ஒட்டிய பிறகு அது தணிந்தது. மறுபடி தனியாக வேலைக்கு ஓட்டிப் போனாள்.

அரியலூருக்குப் போகும்போதுதான் எங்களுக்குக் கவலை. திருச்சி விமான நிலையத்திலிருந்து லால்குடி, புள்ளம்பாடி, டால்மியாபுரம் வழியாக மே மாத வெயிலில் ஊருக்கு வரவேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வந்து சாலையோரமெல்லாம் வெள்ளைப் புழுதி. வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் எழுந்து அடிக்கும். “ஃபிலிம் ஒட்டுனா ஃபைன் போட்டுருவாங்கக்கா” என்று சொன்ன டிரைவர் தம்பி, தன் ஈரிழைத் துண்டை நனைத்துப் பிழிந்து, கண்ணாடியை இறக்கி அதன் விளிம்பில் போட்டு மறுபடி ஏற்றினார். துண்டு கண்ணாடியில் கவ்விக்கொண்டது. வழியில் வண்டியை நிறுத்திய காவலர் மருத்துவரின் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். “பாவமாத்தான் இருக்கும்மா, சட்டத்துல இடமில்லையே” என்றார். துண்டை எடுத்துவிட்டோம். வீடு வந்து சேரும்வரை என் மனைவி புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

காவலர் சொன்னது சரிதான். மத்திய மோட்டார் வாகன விதி 100, முன்பின் கண்ணாடிகளுக்கு 70, பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதம் என்று வரம்பு வைக்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், கண்ணாடியின் மேல் கருப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டவே கூடாது என்றது. கருப்புக் கண்ணாடிக்குள் நடந்த குற்றங்கள் அதற்குக் காரணம். பெண்ணைப் பெற்றவன் நான். அந்தக் காரணத்தை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதே தீர்ப்பு, இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு உள்துறைச் செயலாளர் அடங்கிய குழு விலக்கு தரலாம் என்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு என்பதுதானே இதன் பொருள்? நோயாளிக்கும் அப்படி ஒரு குழு ஏன் இல்லை?

நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதித் திருத்தத்தைக் காட்டி, அந்த 70, 50 வரம்புக்குள் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. லூபஸ்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். நிறமில்லாத ஃபிலிமே புறஊதாவைத் தடுக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதும் வெளியே தெரியும். ஆனால் பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று அண்டை மாநிலத் தீர்ப்பைச் சொல்லி வாதாட எந்த டிரைவருக்குத் துணிச்சல் வரும்? அல்பினிசத்தால் வெளிச்சமே கண்ணைக் குத்துகிறவர்களுக்கு 50 சதவீதமும் போதாது.

பெரம்பலூரின் டிஎன் 46, அரியலூரின் டிஎன் 61 வண்டிகளில் நோயாளிகளுக்கு விலக்கு தருவது அவ்வளவு கடினமில்லை. அரசு மருத்துவர் சான்று தரட்டும். ஆர்டிஓ அலுவலகம் அதைப் பார்த்து ஆர்.சி.யில் ஒரு வரி சேர்க்கட்டும். ஓட்டுகிறவருக்குப் பார்வை மறைக்காமலிருக்க, முன்கண்ணாடியை விட்டுவிட்டு நோயாளி உட்காரும் பக்கத்துக்கு மட்டும் அனுமதி தந்தால்கூடப் போதும். வண்டியை நிறுத்தும் காவலர் எம்-பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம். இதற்கு மத்திய அரசின் விதி மாறவேண்டும். கோரிக்கையைத் தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறை முதலில் எழுதி அனுப்பலாம்.