கொடுத்தவன் கணக்கு

மே 11, வாடிப்பட்டி

கூடைப்பந்தாட்டத்தில் தான் கூடையில் போடுவதைக் காட்டிலும் பிறரைப் போட வைப்பதையே முதற்காரியமாகக் கொண்ட பாயின்ட் கார்டுகளுள் தலைசிறந்தவர் யார் என்ற விவகாரம், இன்று பகல் சாப்பாட்டுக்குப் பின் எங்கள் திண்ணையில் தொடங்கி, தேநீர் வந்து, அது ஆறி, மறுபடியும் தேநீர் வந்த பிறகும் தீர்ந்தபாடில்லை. கட்சி கட்டியவர்கள் இருவர். ஒருவர் பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். நந்தனத்தில், ஹாரி பக் துரை 1920-இல் ஸ்தாபித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவராகையால், இவ்விளையாட்டில் தமக்குப் பரம்பரைப் பாத்தியதை உண்டென்று நம்புகிறவர். மற்றவன் என் தங்கை மகன். விடியற்காலையில் எழுந்து அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்த பிறகே பல் துலக்குகிறவன்.

மாஸ்டர் ஜான் ஸ்டாக்டனின் பக்தர். யூட்டா ஜாஸ் என்ற ஒரே அணிக்காக 1984 முதல் 2003 வரை 19 பருவங்கள் ஆடி, 15,806 அசிஸ்டுகள், அதாவது தோழன் கூடையில் போட நேராக வழிசெய்த பாஸ்கள், செய்து என்.பி.ஏ.யில் முதலிடத்தில் நிற்பவர் ஸ்டாக்டன். 2024 டிசம்பரில் ஜேசன் கிட்டைத் தாண்டி இரண்டாம் ஸ்தானத்துக்கு ஏறிய கிறிஸ் பால்கூட அவருக்கு மூவாயிரத்துக்கு மேல் பின்தங்கியே இருக்கிறார். அத்தனை பருவங்களிலும் ஸ்டாக்டன் களம் இறங்காத ஆட்டங்கள் மொத்தம் 22 தான்.

"இருபத்திரெண்டு, தம்பி! நான் ரெண்டு வருஷத்துல எடுத்த கேஷுவல் லீவு அதவிட ஜாஸ்தி" என்றார் மாஸ்டர்.

"லீவு போடாம வந்து என்ன சார் பிரயோஜனம்? கப்பு வேணும்ல?" என்றான் பையன். அவன் கட்சி மாஜிக் ஜான்சன். ஆறடி ஒன்பதங்குல உயரம், ஆட்டத்துக்கு 11.2 அசிஸ்ட் என்ற வாழ்நாள் சராசரி, இன்றுவரை எவரும் எட்டாதது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியுடன் ஐந்து சாம்பியன் பட்டங்கள். ஸ்டாக்டனோ 1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இறுதிச் சுற்றுக்கு வந்து, இரண்டிலும் ஜோர்டான் ஆடிய சிகாகோ அணியிடம் தோற்றவர். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எதிர்ல ஜோர்டான் நின்னாருடா!" என்று எழுந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே 12

நேற்றைய சம்பாஷணையில் இருவருமே எண்களை வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது. கூடையில் விழுந்த பந்து பிரத்தியட்சம். அதை ஊரே பார்க்கிறது. அசிஸ்ட் அப்படியன்று. கொடுத்த பந்து நேராகக் கூடைக்கு வழிசெய்ததா, அல்லது வாங்கியவன் தன் சாமர்த்தியத்தால் நாலடி தட்டிக்கொண்டு போய்ப் போட்டானா என்பதை, மேஜையருகே பேனாவுடன் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் அந்தக் கணத்தில் தீர்மானிக்கிறார். 1953 முதல் 1960 வரை தொடர்ந்து எட்டுப் பருவங்கள் அசிஸ்டில் முதல்வராக விளங்கிய பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் பாப் கூசியின் காலத்தில் அம்மனிதர்களின் பேனா சற்றுக் கருமித்தனமாகவே எழுதிற்று என்பது பழைய ஆட்டக்காரர்களின் பரவலான அபிப்பிராயம். ஆகையால் அவருடைய எண்களைப் பின்வந்தவர்களின் எண்களோடு ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. எண்களே பிரமாணமென்றால், ஒரே ஆட்டத்தில் முப்பது அசிஸ்டுகள் என்ற சாதனையை 1990 டிசம்பர் 30 அன்று செய்தவர் ஆர்லாண்டோ அணியின் ஸ்காட் ஸ்கைல்ஸ். நேற்று இரண்டு மணி நேரம் நடந்த வாக்குவாதத்தில் அவர் பெயரை ஒருவராவது உச்சரித்தார்களா?

மே 14

ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டில் பீச் பழக்கூடைகள் இரண்டை மாட்டி, பதினெட்டு மாணாக்கர்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து நிறுத்தி இவ்விளையாட்டை ஆரம்பித்தபோது, எழுதிவைத்த விதிகள் பதின்மூன்று. பந்தைப் பிடித்தவன் அதை எடுத்துக்கொண்டு ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னேறும் டிரிபிள் வித்தை பின்னால் வந்து சேர்ந்ததேயன்றி, ஆதியில் இது முழுக்க முழுக்கக் கொடுக்கும் ஆட்டமாகவே இருந்தது. ஆக, பாஸுக்கு முதலிடம் தருகிறவன் ஏதோ தனிப்பட்ட தியாகம் செய்கிறான் என்று புகழ்வதற்கில்லை. அவன் ஆட்டத்தின் மூல தர்மத்தை அனுஷ்டிக்கிறான், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களுள், "என்ன வேணும்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர் ஒரு ரகம். இலையைப் பார்த்த மாத்திரத்தில் எவருக்கு ரசம், எவருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டு என்று அறிந்து, கேட்கும் முன்பே கரண்டியைச் சாய்க்கிறவர் வேறொரு ரகம். பந்து கொடுக்கிறவர்களிலும் இந்த இரண்டாம் ரகத்தாரை மட்டுமே தலைசிறந்தவர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மே 16

1980-ஆம் ஆண்டு இதே தேதியில்தான், கரீம் அப்துல் ஜப்பார் கணுக்காலில் அடிபட்டு வராமற்போக, இருபதே வயதான மாஜிக் ஜான்சன் அவருடைய சென்டர் ஸ்தானத்தில் நின்று, பிலடெல்பியாவுக்கு எதிராக 42 புள்ளிகள் எடுத்து லேக்கர்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தார். பையன் இதைக் காலையிலேயே வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனான். தன் கட்சிக்குப் பலம் சேர்ப்பதாக அவன் நினைத்திருக்கலாம். எனக்கோ அதில் வேறொரு சங்கதி தென்பட்டது. கொடுக்கிறவனுடைய பாஸுக்கு மதிப்பு வருவது, அவன் நினைத்தால் தானே போட்டுவிடுவான் என்ற பயம் எதிரியின் நெஞ்சில் இருக்கும்வரையில்தான். ராஜோன் ராண்டோ மூன்று பருவங்களில் அசிஸ்டில் முதலிடம் பெற்றவர், கண்ணும் கையும் அபாரம். எனினும் தூரத்திலிருந்து அவர் எறிய மாட்டார் என்று தெரிந்துகொண்ட எதிரிகள் அவரைத் தனியே விட்டுவிட்டுப் பின்வாங்கி, அவர் கொடுக்க நினைத்த வழிகளையெல்லாம் போய் அடைத்தார்கள்.

இந்தக் கணக்கில் பார்க்கும்போது ஸ்டீவ் நாஷ் எல்லோரையும் விட ஓரடி முன்னே நிற்கிறார். 2003-04 பருவத்தில் 29 ஆட்டங்களே வென்ற பீனிக்ஸ் சன்ஸ், டல்லாஸிலிருந்து அவர் வந்து சேர்ந்த அடுத்த பருவத்தில் 62 வென்றது. அமரே ஸ்டூடமயர், ஷான் மேரியன், ஜோ ஜான்சன் ஆகிய பிரதான தோழர்கள் முன்பிருந்தவர்களே. 20.6 ஆக இருந்த ஸ்டூடமயரின் சராசரி 26.0 ஆக ஏறியது. அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் என்ற விருது, தாம் சராசரியாக 15.5 புள்ளிகளே எடுத்த நாஷுக்குப் போயிற்று. மறு ஆண்டும் அவருக்கே. அவர் இறுதிச் சுற்றை எட்டியதே இல்லை என்பதும், எதிரியைத் தடுக்கும் வேலையில் அவர் மட்டமானவர் என்பதும் உண்மை. பட்டம் ஐந்து பேர் கூடி வெல்வது. நான் தேடுவது, தன் கைபட்டதால் மற்ற நால்வரையும் வேறு மனிதர்களாக்கினவரை.

மே 17, பெரியகுளம்

கொடைரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாக மூவரும் வந்து சேர்ந்தோம். ஆண்டுதோறும் மே மாதத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக மின்னொளியில் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு, இந்த வட்டாரத்தில் மாம்பழக் காலத்தைப் போலவே ஒரு நிச்சயம் உண்டு. வங்கிகள், ராணுவம், கடற்படை, கேரளப் போலீஸ் என்று பெரிய அணிகள் எல்லாம் இந்தச் சிற்றூருக்கு வந்து ஆடுகின்றன.

ஓரணியின் பாயின்ட் கார்டு குள்ளமான பையன். இடது கையால் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி வந்தான். கண் வலது மூலையில் நின்ற தோழனிடம் இருந்தது. காவலாளி அந்தப் பக்கமே சாய்ந்தான். அதற்குள் நெட்டையன் ஒருவன் வந்து மறைப்புக் கொடுக்க, கார்டு ஒரு தப்படி உள்ளே வைத்து எறிவதுபோல் கையை உயர்த்தினான். இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். பந்தோ அவ்விருவர் கால்களுக்கும் நடுவே தரையில் ஒரு முறை தட்டி, கூடையை நோக்கி ஓடிய நெட்டையனின் வயிற்று உயரத்துக்கு எழும்பிற்று. அவன் வாங்கிப் போட்டான். ஒலிபெருக்கி நெட்டையனின் பெயரைச் சொல்லிற்று. கூட்டமும் அவன் பெயரையே கத்திற்று. கொடுத்தவன் முன்னமே திரும்பித் தன் பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா மாமா, பார்க்காமலே குடுத்தான்!" என்று குதித்தான் மருமகன். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. ஆயினும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கியிருந்தார். பாதி ஆட்டம் முடிவதற்குள் ஒரு கை போதாமல் மறு கைக்கும் போய்விட்டது.

மே 18, வாடிப்பட்டி

இரவு பஸ்ஸில் வரும்போது மாஸ்டர் சொன்ன ஒரு செய்தியே இத்தனை நாள் விவகாரத்துக்கும் விடையாக எனக்குப் படுகிறது. சர்வதேசச் சம்மேளனம் வகுத்த அதிகாரபூர்வமான ஸ்கோர் ஷீட்டில், யார் எத்தனை புள்ளி போட்டான், எவனுக்கு எத்தனை பவுல், எப்போது டைம்-அவுட் என்பவற்றுக்கெல்லாம் கட்டம் உண்டு. அசிஸ்டுக்குக் கட்டம் இல்லை. அதைத் தனியே உட்கார்ந்து குறிப்பதற்கு ஆள் வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் வைக்கிறார்கள். நம் பக்கத்துப் பந்தயங்களில் பெரும்பாலும் வைப்பதில்லை. மறுநாட் பத்திரிகையிலும் அதிகப் புள்ளி எடுத்தவர் பெயரே வருகிறது. சென்னை ஐ.ஓ.பி. அணியிலிருந்து இந்தியாவுக்கு ஆடிய பாயின்ட் கார்டு அகிலன் பாரியைப் பற்றியோ, இந்திய மகளிர் அணித் தலைவராயிருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையைப் பற்றியோ, அவர்களுக்கு முன் இந்த மண்தரைகளில் ஆடி மறைந்தவர்களைப் பற்றியோ, கொடுத்ததில் யார் சிறந்தவர் என்று வாதிட நமக்கு என்ன ஆதாரம் கையில் இருக்கிறது? அமெரிக்கர்கள் ஸ்டாக்டனா, மாஜிக்கா, நாஷா என்று இன்றும் மல்லுக்கட்டுகிறார்களென்றால், 1946-இல் தங்கள் சங்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்தே ஒருவர் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பதே காரணம்.

பெரியகுளத்திலும், கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையிலும், பள்ளிக்கூடப் பந்தயங்களிலும் மேஜையருகே இன்னும் ஒரு நாற்காலி போட்டு, பழைய ஆட்டக்காரர் ஒருவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கும்படி போட்டி நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாஸ்டர் இலவசமாகவே வந்து எழுதித் தருவதாக வாக்களித்திருக்கிறார்.