தன்மதிப்புக் குறைவு

எங்க தாத்தா வெட்டியான். பொணம் எரிச்சார், பறை அடிச்சார், செத்த மாட்டை இழுத்துப்போய்ப் போட்டார். இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எழுத வேண்டிய இடத்தில் ஒரு தடவை 'விவசாயம்' என்று எழுதினேன்.

அது 2011. கவுன்சலிங் உளவியல் எம்.எஸ்சி. முதல் வருஷம். வகுப்பில் ஜெனோகிராம் போடச் சொன்னார்கள். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்களுக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் படிப்பு, தொழில், நோய். "மத்தவங்க மனசத் திறக்கணும்னா மொதல்ல நம்ம மனசத் திறக்கணும்" என்றார் மேடம். ஒவ்வொருத்தராக எழுந்து காட்டினார்கள். ஒருத்திக்குத் தாத்தா தாசில்தார். இன்னொருத்தனுக்கு வக்கீல், அவருக்கு அப்பா மிராசு. என் முறை வந்தது. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அம்மா ஊர்க்காரர் நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனதை வைத்துச் சமாளித்தேன். "வெரிகுட், விவசாயக் குடும்பம்" என்று மேடம் தலையாட்டினார். மனசைத் திறக்கிற வகுப்பில் நான் நன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதே வருஷம் பாடத்தில் அமெரிக்கா வந்தது. பன்முகப் பண்பாட்டுக் கவுன்சலிங் என்று ஒரு யூனிட். சும்மா பரீட்சைக்குப் படிக்கப் போனவள், படிக்கப் படிக்கத் தூக்கம் போய்விட்டது. கவுன்சலர்கள் தங்கள் பண்பாட்டுக் கூட்டுக்குள் அடைந்துகொண்டு அதையே உலகம் என்று நம்புகிறார்கள் என்று கில்பர்ட் ரென் 1962-லேயே எழுதியிருக்கிறார். 1968-ல் சான்பிரான்சிஸ்கோவில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு நடந்தபோது கறுப்பு உளவியலாளர்கள் தனியே கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். வெள்ளையர் வாழ்க்கையிலிருந்து எடுத்த அளவுகோலை வைத்துக் கறுப்பு வாழ்க்கையை அளந்தால் அது குறையாகத்தான் தெரியும் என்ற வாதத்தை ஜோசப் ஒயிட் 1970-ல் முன்வைத்தார். அதை அவர் எழுதியது ஆய்விதழில் அல்ல. கறுப்பு மக்கள் வீட்டில் வாங்கிப் படிக்கிற 'எபனி' பத்திரிகையில். 1976-ல் ராபர்ட் கத்ரி எழுதிய உளவியல் வரலாற்றுக்குத் தலைப்பே 'எலிகூட வெள்ளைதான்'. ஆய்வுக்கூடத்து எலியைச் சொல்கிறார். ஹாஸ்டல் கட்டிலில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

வகுப்பில் இதையெல்லாம் ரெண்டு மணி நேரம் பேசினோம். கறுப்பர்களுக்காக எல்லாருக்கும் மனசு இளகியது. நான் எழுந்து, "மேடம், நம்ம ஊர்ல இது சாதிக்கும் பொருந்துமா?" என்று கேட்டேன். "அது சோஷியாலஜி டிபார்ட்மெண்ட்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் மாறி ஏறிவிட்டவளுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

ரெண்டாம் வருஷம் களப்பயிற்சி. ஒரு கல்லூரியில் கவுன்சலிங் அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு பொண்ணு வந்தாள். (அடையாளம் தெரியக்கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதல் வருஷம், காலனியிலிருந்து வந்தவள், குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். தூக்கமில்லை, மெஸ்ஸுக்குப் போவதில்லை, வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஸ்காலர்ஷிப் பாரம் வந்த அன்று அறைத்தோழிகளுக்கு இவள் யாரென்று தெரிந்துவிட்டது. மறுநாள் குளியலறையில் இவள் வாளி மட்டும் தனியாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளிதான் நகர்ந்தது.

நான் என்ன செய்தேன்? சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். தன்மதிப்பு அளவுகோலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மாரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்களை வைத்து உண்டாக்கியது, 10 வாக்கியங்கள். மற்றவர்களுக்குச் சமமாக நானும் மதிப்புள்ளவள் என்று நினைக்கிறேனா என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் உண்டு. அதற்கு வந்ததும் அவள் பேனாவை நிறுத்தினாள்.

"அக்கா, நான் நெனக்கிறதக் கேக்குறீங்களா, அவங்க நெனக்கிறதக் கேக்குறீங்களா?"

"நீ நெனக்கிறதுதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொன்னேன். அவள் கேட்டது அளவுகோலையே கவிழ்த்துப் போடுகிற கேள்வி என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்கும், மார்க் போய்விடுமென்று உள்ளே தள்ளியிருப்பேன். வாளி விஷயத்தைக் கேஸ் குறிப்பில் எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "சாதிய எடுத்துடும்மா, சமூகப் பொருளாதார நிலைன்னு போட்டாப் போதும்" என்றார். எடுத்தேன். கடைசியில் என் கையெழுத்தில் இப்படி முடித்தேன்: தன்மதிப்புக் குறைவு, தன்னுறுதிப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. மூன்று தடவை வந்தவள் நாலாவது தடவை வரவில்லை. பிறகு நான் அவளைப் பார்க்கவேயில்லை.

பேர், ஊர் சொல்லாமல் அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தது. "அந்தப் புள்ளைக்கு என்னாடி கொறை? வாளிய நவுத்தி வெச்சாளே, அவளக் கூப்புட்டு ஒக்கார வெக்கவேண்டியதுதான?"

இதே விவகாரத்தைத்தான் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்புக் குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மையும் பழுப்புப் பொம்மையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். நிறையக் குழந்தைகள் வெள்ளையைக் காட்டின. 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் எழுத்தும் இருக்கிறது. வழக்கு ஜெயித்தது. கூடவே ஒரு படமும் ஒட்டிக்கொண்டது: கறுப்பர் என்றால் உள்ளுக்குள் உடைந்துபோனவர். அந்தப் படத்தைக் கிழிக்கக் கறுப்பு உளவியலாளர்கள் நாள்கணக்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2000-ல் கிரே-லிட்டில், ஹாஃப்தால் இருவரும் பல வருஷத்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். தன்மதிப்பில் கறுப்பர்கள் வெள்ளையரைவிடக் குறைவில்லை, கொஞ்சம் கூடுதலாகவே இருந்தார்கள். அவமானப்படுத்தப்படுகிறவருக்கு, தப்பு அவமானப்படுத்துகிறவனிடம் இருக்கிறது என்பது பல நேரம் தெரிந்தே இருக்கிறது என்று கிராக்கரும் மேஜரும் 1989-லேயே எழுதியிருந்தார்கள். என் எதிரில் பேனாவை நிறுத்தினாளே, அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. குறிப்பு எழுதியவளுக்குத்தான் தெரியவில்லை.

படிப்பு முடித்து வேலைக்கு வந்தபிறகு எதிர்ப்பக்கம் விழுந்தேன். ஒரு பையன் வந்தான். நம்ம பையன்தான், ஊர்ப் பேரைக் கேட்டதும் புரிந்துவிட்டது. முன்னால் செய்த தப்பை இனிச் செய்யக்கூடாதென்ற வேகத்தில் பத்து நிமிஷத்துக்குள் சாதியை எடுத்துவிட்டேன். ஹாஸ்டல்ல யாராவது ஏதாவது சொல்றாங்களா, வாத்தியாருங்க எப்படி? அவன் முகம் மாறியது. "அக்கா, எங்கப்பா செத்து நாப்பது நாளாவுது. அதப் பேசலாம்னு வந்தேன். நீங்களும் மொதல்ல அதத்தான் பாக்குறீங்க."

1992-ல் சூ, அர்ரெடொண்டோ, மெக்டேவிஸ் மூவரும் கவுன்சலருக்கு வேண்டிய 31 பண்பாட்டுத் தகுதிகளைப் பட்டியல் போட்டபோது இதே ஆட்சேபணைதான் வந்தது. ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்க வைக்கிறது, முத்திரை குத்துகிறது என்றார்கள். பேட்டர்சன் 1996-லும், வெய்ன்ராக்கும் தாமஸும் 2002-லும் கடுமையாக எழுதினார்கள். படிக்கும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. 'எல்லாரும் மனுஷங்கதான்' என்று நம்ம ஊரிலும் சொல்வார்கள், யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன் வெள்ளைக்காரன் இல்லையே. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினான். போகும்போது வாசலில் நின்றுகொண்டு, சவ ஊர்வலத்தை ஊர்த்தெரு வழியா விடல, சுத்திக்கிட்டுத்தான் போனோம் என்றான். அவனாகச் சொன்னான், அவனுக்கான நேரத்தில்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2021 அக்டோபரில் இனவாதத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பால் என்ன ஆகுமென்பது வேறு பேச்சு. எதற்கென்று பேர் சொல்லிக் கேட்டார்கள். இங்கே 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18-ஆம் பிரிவில், சாதி பார்க்காமல் சிகிச்சை தர வேண்டுமென்று சாதியைப் பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. நான் வேலை செய்கிற இடத்தில் வருகிறவர்களிடம் நிரப்பி வாங்குகிற பாரத்தில் அந்த வார்த்தை கிடையாது. 2016-ல் ரோகித் வெமுலா செத்ததிலிருந்து 'பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் வேணும்' என்ற பேச்சை நிறையக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் அம்மா முறத்தைக் கீழே வைத்தது ஞாபகம் வரும்.

இப்போது என்னிடம் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். பாரத்தில் ஒரு வரி சேர்க்கலாம் என்றேன், சென்சிடிவ் என்று நிர்வாகத்தில் மறுத்துவிட்டார்கள். சரி, வாயாலேயே கேட்கப் பழகுங்கள் என்றால் ஒரு பையன், "எப்படி மேடம் கேக்கறது, அசிங்கமா இருக்காதா?" என்றான். யாருக்கு அசிங்கம் என்று கேட்டேன். அன்றைய வகுப்பு அதிலேயே போனது. சிலருக்குக் கோபம். ஒருத்தி எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

போன வாரம் ஜெனோகிராம் வகுப்பு. முதலில் என்னுடையதைப் போர்டில் போட்டேன். தாத்தாவின் சதுரம், உள்ளே பெருக்கல் குறி, பக்கத்தில் தொழில்: வெட்டியான். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. யாரும் பேசவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே வந்த ஒரு பொண்ணு நிமிர்ந்தாள்.

"மேடம், இத இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?"

எனக்குச் சட்டென்று வரவில்லை. தமிழ்லயே எழுது என்றேன்.