பதினான்காம் இலக்கம்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே இலக்கியமும் வரலாறும் சமூகமும் ஆராயப்படுவதே வழமை. அவ்வழமைக்கு மாறாகக் கணனிச் செய்நிரலின் ஓர் உறுப்பைப் பற்றி எழுத முற்படும் என்னை வாசகர் பொறுத்தருள வேண்டும். அவ்வுறுப்பு மிகச் சிறியது. நான் எழுதிய காலத்தில் அது அறுபது வரிகளுக்கு மேற்படவில்லை. ஆயினும் அந்த அறுபது வரிகளின் பொருட்டு, தாம் செய்யாத பிழைக்கு ஒருவர் பழி சுமக்க நேர்ந்தது. பழியைச் சுமத்தியவர்களுள் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரும் அந்நிகழ்ச்சி மனத்தை விட்டு அகலாதிருப்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

2003ஆம் ஆண்டு. பட்டம் பெற்று வெளியேறிய நான் கொழும்பிலே ஒரு மென்பொருள் நிறுவனத்திற் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு வேண்டிய முற்பதிவு முறைமையை அமைக்கும் பொறுப்பு எமது குழுவிடம் தரப்பட்டிருந்தது. விசேட வைத்திய நிபுணரைக் காண விரும்புவோர் முன்கூட்டியே இலக்கம் பெற்று, குறித்த வேளையிற் சென்று காத்திருக்கும் ‘சனலிங்’ முறை நம் நாட்டவர் யாவரும் அறிந்ததே. வைத்தியசாலையின் முகப்பிலே இளம் பெண்கள் அறுவர் கணனிகளின் முன்னமர்ந்து, தொலைபேசியில் அழைப்போர்க்கும் நேரில் வருவோர்க்கும் இலக்கம் வழங்குவர். நேரில் வந்தோர்க்குக் கணனி காட்டும் இலக்கத்தைச் சிறு துண்டொன்றில் எழுதிக் கையிற் கொடுப்பர்.

செய்நிரல் ஒன்று தரவுத்தளத்தோடு பேசுவதற்கு முதலில் ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தொலைபேசியிலே இலக்கத்தைச் சுழற்றி, மறுமுனையில் உள்ளவர் எடுத்து, நீர் யாரென வினவி, விடையை ஏற்றுக்கொண்ட பின்னரே விடயத்தைப் பேசத் தொடங்குவதை இது ஒத்தது. வலையமைப்பினூடாக மூன்று செய்திகள் பரிமாறப்பட்ட பின்னரே வழி திறக்கும். அதன் பின்னர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும். நாம் கையாண்ட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலோ ஒவ்வோர் இணைப்புக்கும் சேவையகத்திலே தனியானதொரு செயன்முறை தோற்றுவிக்கப்படும். ஓர் இலக்கத்தைப் பதிவதற்கு ஆகும் நேரத்தினும் இவ்வாயத்தங்களுக்கு ஆகும் நேரம் கூடுதலாயிருத்தலும் உண்டு. ஆகவே, வேண்டும்போதெல்லாம் புதிய இணைப்பைத் திறந்து மூடுவதை விடுத்து, பத்து இணைப்புகளைத் தொடக்கத்திலேயே திறந்துவைத்து, கேட்போர்க்கு இரவலாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் மீளப் பெற்றுக்கொள்வது சிக்கனம். இத்தொகுதியையே இங்கு இணைப்புத் தேக்கம் என்கிறேன். நான் எழுதிய அறுபது வரிகள் அத்தேக்கத்தின் காவலாளி.

முறைமை இயங்கத் தொடங்கி இரு மாதங்கள் சென்றிருக்கும். திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், தம் மகன் முன்னரே நேரில் வந்து பெற்றுவைத்த துண்டை நீட்டினார். அதில் 14 என எழுதப்பட்டிருந்தது. பட்டியலிலோ பதினான்காம் இலக்கத்துக்கு நேரே வேறொருவரின் பெயர் காணப்பட்டது. முதியவரின் பெயர் பட்டியலில் எங்குமே இல்லை. அவ்வைத்தியர் மறுநாள் வெளிநாடு செல்லவிருந்தார். முதியவர் அன்றிரவே திரும்பிப் போனார்.

இத்தகைய முறைப்பாடு அது முதலாவதன்று, நான்காவது. நான்கினுள் மூன்று, வவுனியாவைச் சேர்ந்த ஒரே பெண்ணின் கையெழுத்தில் அமைந்த துண்டுகள். எமது நிறுவனத்தின் சார்பில் விசாரிக்கச் சென்ற என் முன்னிலையில் அவர் அழைக்கப்பட்டார். “சேர், நான் பதிஞ்சனான். கணனி இலக்கம் காட்டினது. அதைப் பாத்துத்தான் எழுதிக் குடுத்தனான்” என்றார். நான் நிதானமாகவே விடையிறுத்தேன்: “கணனி மறக்காது, தங்கச்சி.” அவ்வறையில் இருந்த அனைவருக்கும் அது போதுமான விளக்கமாயிற்று. பதிந்ததாக எண்ணி இலக்கத்தை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டார் என்று முடிவாயிற்று. மூன்று துண்டுகள் அவருடையனவாய் அமைந்ததற்குக் காரணம் அறுவருள்ளும் விரைவாகப் பணியாற்றியவர் அவரே என்பதாகும். அதனை நான் பின்னரே உணர்ந்தேன்.

உண்மையில் நிகழ்ந்தது என்ன? ஒரே செய்நிரலுக்குள்ளே பல வேலைகள் ஒருங்கே நடைபெறும். அறுவரும் ஒரே வேளையில் பொத்தானை அழுத்தினால் ஆறு இழைகள் அவ்வேலைகளைத் தனித்தனியே செய்துகொண்டு செல்லும். அவை ஒன்றையொன்று அறியா. ஆனால் தேக்கம் ஒன்றே. என் காவலாளி, ஓய்வாயுள்ள இணைப்புகளின் பட்டியலில் கடைசியில் நிற்பதை முதலில் எடுப்பான். பின்னர், கடைசியில் நிற்பதைப் பட்டியலிலிருந்து நீக்குவான். ‘எடுத்தல்’, ‘நீக்கல்’ என்னும் இரண்டுக்கும் இடையே உள்ள காலம் கணக்கிடவும் தகாத சிறுமையுடையது. அச்சிறுமையினுள்ளேதான் வினை இருந்தது. முதலாம் இழை எடுத்து, நீக்குமுன், இரண்டாம் இழையும் அதே இணைப்பை எடுத்துவிடும். பின்னர் இரண்டும் நீக்கும். ஆனால் இரண்டாவது நீக்குவது கடைசியில் எஞ்சிய வேறொரு நல்ல இணைப்பை. அந்த நல்ல இணைப்பு எவர் கையிலும் இன்றித் தொலைந்தது. இருவரும் பெற்ற ஓர் இணைப்போ, வேலை முடிந்ததும் இருவராலும் தனித்தனியே திருப்பிக் கொடுக்கப்பட்டு, பட்டியலில் இருமுறை இடம்பெற்றது. எனவே பிழை ஒரு கணத்தோடு ஓயவில்லை. இரட்டைப் பெயர் பெற்ற அவ்விணைப்பு தேக்கத்திற் கிடந்து, இருவர் ஒரே வேளையில் வருந்தோறும் இருவர்க்கும் வழங்கப்பட்டது.

ஓர் இணைப்பு இருவர் கையில் இருந்தால் நேர்வது இதுதான். வவுனியாப் பெண் முதியவரின் பெயரைப் பதினான்காம் இலக்கத்தில் எழுதச் செய்கிறார். அதே இணைப்பின் வழியே அயலில் இருப்பவர் வேறொரு வைத்தியருக்குப் பதிவு கேட்கிறார். அவ்வைத்தியரின் அன்றைய எண்ணிக்கை நிரம்பிவிட்டதால் அவரது இழை ‘இதுவரை செய்தவற்றைக் கைவிடுக’ எனத் தரவுத்தளத்துக்குக் கட்டளையிடுகிறது. தரவுத்தளத்துக்குத் தெரிவது இணைப்பு ஒன்றே. ஆள் இருவரென்பது தெரியாது. முதியவரின் பெயரும் சேர்த்துக் கைவிடப்படுகிறது. அதன் பின்னர் வவுனியாப் பெண்ணின் இழை ‘உறுதி செய்க’ என்கிறது. உறுதி செய்வதற்கு ஏதுமில்லாதபோதும் தரவுத்தளம் தடையின்றி ‘ஆம்’ என்கிறது. திரையிலே பதினான்கு தோன்றுகிறது. சிறிது நேரத்தில் வேறொருவருக்கும் அதே பதினான்கு வழங்கப்படுகிறது. வழுவென்று எங்கும் ஒரு குறிப்பும் எழுதப்படவில்லை. மறந்தது கணனியே.

இதனைக் கண்டுபிடித்தமைக்கு என் அறிவு காரணமன்று. ஒருநாள் முறைப்பாடுகளின் திகதிகளைக் கிழமைவாரியாக எழுதிப் பார்த்தேன். அப்போது ஏழு சேர்ந்திருந்தன. திங்கட்கிழமையில் ஒன்றுமில்லை, பெரும்பாலானவை வெள்ளியும் சனியும். ஞாயிறு இரவுகளிற் சேவையகம் நிறுத்தி மீள இயக்கப்படுவது வழக்கம். மனித மறதிக்கு ஞாயிற்றுக்கிழமையோடு என்ன தொடர்பு? கிழமை முழுவதும் எதுவோ செய்நிரலுக்குள் சேர்ந்து வளர்கிறது என்ற ஐயம் அன்றே எழுந்தது. என் மேசைக் கணனியில் செயலி ஒன்று. வைத்தியசாலைச் சேவையகத்தில் இரண்டு. ஒற்றைச் செயலியில் இழைகள் மாறிமாறியே இயங்குவதால் அச்சிறு இடைவெளியில் இரண்டு சந்திப்பது அரிது. இரண்டு செயலியில் அவை மெய்யாகவே ஒருங்கு இயங்கும். வைத்தியசாலையின் சேவையகத்தைப் போன்ற ஒன்றிலே இருநூறு இழைகளை ஏவிவிட்டபோது, நான்கு நிமிடத்தில் இரட்டைப் பெயர் பெற்ற இணைப்பு தோன்றியது.

இத்துறை அறிஞர்கள் இப்பிரச்சினையை எம்மிற் பலர் பிறக்கு முன்னரே ஆராய்ந்து முடித்திருந்தனர் என்பதே வெட்கத்துக்குரியது. நெதர்லாந்தைச் சேர்ந்த டைக்ஸ்ட்ரா 1960களிலேயே, பகிர்ந்துகொள்ளும் பொருளை ஒரு வேளையில் ஒருவரே தொடுமாறு செய்யும் வழியை வகுத்தார். பிரிஞ்ச் ஹான்சன் 1973இலும் ஹோர் 1974இலும், பொருளையும் அதன் பூட்டையும் ஒன்றாய்ப் பொதிந்துவைக்கும் கண்காணி என்னும் அமைப்பை விவரித்தனர். ஜாவா மொழியிலே அதற்கென ஒரு சொல்லே உண்டு. அச்சொல்லை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் எடுத்தலும் நீக்கலும் பிரிக்கவியலாத ஒரே செயலாகியிருக்கும். நான் எழுதவில்லை. பூட்டு வேகத்தைக் குறைக்குமென எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.

வேகம் எவருக்கு வேண்டியிருந்தது? வரிசைக் கோட்பாட்டிலே 1961இல் ஜோன் லிற்றில் நிறுவிய எளிய விதி ஒன்றுண்டு. வருகை வீதத்தை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தாற் பெருக்கினால் ஒரு வேளையில் உள்ளே இருப்போரின் சராசரி கிடைக்கும். அறுவரும் ஓயாது உழைத்தாலும் செக்கனுக்கு இரண்டு கோரிக்கைகளே வந்தன. ஒவ்வொன்றும் 0.05 செக்கன் இணைப்பை வைத்திருக்கும். பெருக்கினால் 0.1. பத்து இணைப்புகளைத் திறந்துவைத்துப் பெருமைப்பட்ட எனக்குத் தேவைப்பட்டது சராசரியாக ஓர் இணைப்பின் பத்தில் ஒரு பங்கு! இருவர் சந்திப்பது அரிதாயிருந்ததும் இதனாலேயே. அடிக்கடி நிகழ்ந்திருந்தால் முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும். ஒரு பெண்ணின் தலையில் விழுந்திராது.

திருத்திய பதிப்பிலே பூட்டை இட்டேன். தேக்கம் வெறுமையாயிருந்தால் புதிய இணைப்பைத் திறந்துகொடுக்கும் பழைய ஏற்பாட்டை நீக்கி, ஒன்று திரும்பும்வரை காத்திருக்குமாறு எழுதினேன். எழுப்பப்பட்ட இழை, எழுந்தவுடன் இணைப்பு உண்டோவென மீண்டும் பார்க்க வேண்டும். எழுவதற்குள் வேறோர் இழை அதனை எடுத்துச் சென்றிருக்கக் கூடும். இதனை லம்சனும் ரெடெலும் 1980இலே மேசா மொழி அனுபவத்தைக் கொண்டு விளக்கியிருக்கின்றனர். என் மூத்த சகபாடி அவ்விடத்தைத் திருத்தித் தந்தார்.

மூன்று கிழமையில் முறைமை முற்றாக நின்றுபோயிற்று. இம்முறை காரணம் சற்று நகைப்புக்குரியது. பெயரிலே மேற்கோற்குறி உடைய டி’சில்வா போன்றோரைப் பதியும்போது, அக்குறி வினவலை இடையில் முறித்து வழுவை உண்டாக்கியது. வழு நேர்ந்ததும் இழை தன் வழியை விட்டு வெளியேறும். இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும் வரியோ வழியின் கடைசியில் இருந்தது. ஒவ்வொரு டி’சில்வாவும் ஓர் இணைப்பைத் தம்மோடு கொண்டுபோனார். பத்தாமவர் வந்ததும் தேக்கம் வற்றிற்று. முன்னைய பதிப்பில் புதியவை திறக்கப்பட்டமையால் இக்கசிவு மறைந்திருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு மணி நேர இரவலில் நூலை எடுத்த மாணவன் இடையிலே காய்ச்சல் கண்டு, நூலோடு ஊருக்குப் போய்விடுவதுண்டல்லவா? அவன் கள்வனல்லன். அவனது நாள் அவன் எண்ணியவாறு முடியவில்லை, அவ்வளவே. எவ்வாறு முடிந்தாலும் தவறாது நிறைவேறும் ‘பைனலி’ என்னும் பகுதியில் திருப்பிக்கொடுத்தலை எழுதியதும் கசிவு நின்றது. 2011இல் வந்த ஜாவா ஏழாம் பதிப்பு, அதனையும் எழுத மறப்போர்க்காக, மூடுதலைத் தானே செய்யும் அமைப்பைத் தந்தது.

இன்றைய மாணவர் இவற்றுள் எதனையும் எழுத வேண்டியதில்லை. நன்கு சோதிக்கப்பட்ட தேக்கங்கள் ஆயத்தமாய்க் கிடைக்கின்றன. அது நல்லதே. எனினும் பத்து இணைப்புடைய தேக்கத்திலே பத்து இழைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, விடாமலே இரண்டாவதையும் கேட்டால் பதின்மரும் காத்து நிற்பர். பதினோராவது ஒன்று இருந்திருந்தால் ஒருவராவது முடித்து வெளியேறியிருப்பார். ஆயத்தத் தேக்கம் காலவெல்லை கடந்ததும் வழுவென அறிவிக்கும். கேட்டவர் ஏன் இரண்டு கேட்டார் என்பதை அது அறியாது. விரிவுரையில் இதனைச் சொல்லும்போது மாணவர் குறித்துக்கொள்கின்றனர். முதியவரின் கதையைச் சொன்னாற்றான் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கின்றனர்.

காரணம் தெரிந்த மறுநாள் ஒரு பக்க அறிக்கை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். வைத்தியசாலைக்குச் சென்ற கடிதத்தில் ‘செயற்றிறன் மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒரு வரியே இருந்தது. திருத்திய பதிப்பை நிறுவச் சென்றபோது அவரது இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருந்தார். முந்திய மாதமே விலகிவிட்டாராம். விலகினாரா விலக்கப்பட்டாரா என்பதை எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. நிர்வாக அலுவலரிடம் நடந்ததை வாய்மொழியாக விளக்கி, அவரது கோவையிலே அதனைக் குறித்துவைக்குமாறு கேட்டேன். விலகியவர்களின் கோவைகள் மூடப்பட்டுவிட்டன என்றார். முகவரியாவது தர இயலுமா என்றேன். விதிமுறை இடந்தராது என்றார். அவர் சொன்னதிலும் நியாயமிருந்தது.

விசாரணைக்கென எமக்குத் தரப்பட்ட தாள்களோடு அந்தத் துண்டும் சேர்ந்து வந்திருந்தது. திருப்பிக் கேட்பார் எவருமில்லை. வைத்தியரின் பெயர், திகதி, கீழே வட்டமிட்ட 14. அழகான, அவசரமில்லாத கையெழுத்து. என் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது.