தாகம்: உடலிலும் திரையிலும்

மனித உடலில் தாகம் பிறக்குமிடம் மூளை. பசியையும் உறக்கத்தையும் உடல் வெப்பத்தையும் நெறிப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியிலும் அதன் அருகிலும் உள்ள நரம்பணுக்கள், குருதியில் உப்பின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடியதுமே அதை உணர்ந்து, சிறுநீரில் நீர் வீணாகாமல் காக்கும் வாசோபிரெசின் என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்வதோடு, நீர் பருகும் வேட்கையையும் எழுப்புகின்றன. அந்த வேட்கை அடங்கும் விதம் இன்னும் வியப்புக்குரியது. பருகிய நீர் குடலால் உறிஞ்சப்பட்டுக் குருதியின் செறிவைச் சீராக்கப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்றாலும், வாயும் தொண்டையும் வயிறும் அனுப்பும் செய்தியை நம்பி மூளை ஓரிரு நிமிடங்களிலேயே தாகத்தைத் தணித்துவிடுகிறது. முதுமையில் இந்த உணர்வே மங்கிவிடுவதால், உடலில் நீர் குறைந்தும் தாகம் தோன்றாத முதியவர்கள் கோடையில் பெரும் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள்.

இவ்வாறு அகத்தே நிகழும் ஒன்றைப் படம்பிடிக்கக் கேமராவால் இயலாது. எனவேதான் திரைப்படம் தாகத்துக்கு ஒரு நிலத்தைத் தேடிக்கொள்கிறது. கே. ஏ. அப்பாஸ் 1971இல் எடுத்த 'தோ பூந்த் பானி' ராஜஸ்தானின் மணலையும் அங்கு வெட்டப்பட்ட கால்வாயையும், கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவி கே. பாலசந்தர் 1981இல் எடுத்த 'தண்ணீர் தண்ணீர்' அத்திப்பட்டி என்னும் கரிசல் காட்டுச் சிற்றூரையும், பிளெஸ்ஸியின் 'ஆடுஜீவிதம்' சவூதிப் பாலைவனத்தையும் அவ்வாறு தேர்ந்துகொண்டன. குரு தத்தின் 'ப்யாசா'வில் (1957) தாகம் நீரையே விட்டு நீங்கி, அன்புக்கும் மதிப்புக்கும் ஏங்கும் ஒரு கவிஞனின் நிலையைக் குறிப்பதாயிற்று. இவற்றுள் 'தண்ணீர் தண்ணீர்' தனித்து நிற்பதற்குக் காரணம், வறட்சியை வானத்தின் பிழையாக மட்டும் காட்டாமல், ஊரார் தாமே வெட்டத் துணிந்த கால்வாயைத் தடுக்கும் அரசு இயந்திரத்தின் பிழையாகவும் காட்டிய அதன் துணிவுதான்.

'ஆடுஜீவிதம்' வெளிவந்த 2024ஆம் ஆண்டின் கோடையிலேயே, மே 29 அன்று, தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46.8 பாகை செல்சியஸைத் தொட்டது. யமுனையும் கங்கையும் பக்ரா அணையும் தரும் நீரை அண்டை மாநிலங்களின் வழியாகவே பெறும் இந்நகரின் அன்றாடத் தேவை ஏறத்தாழ 1,290 மில்லியன் காலன் என்று கணக்கிடப்பட்டிருக்க, கிடைத்ததோ 1,000 மில்லியன் காலனை ஒட்டிய அளவே. சங்கம் விஹார் போன்ற குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடும் கேன்களோடும் வெயிலில் காத்திருப்போரின் நிலையை உடலியல் நோக்கில் எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. கடும் வெப்பத்தில் உழைக்கும் உடல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும் என்பதால், நீரைப் பெறுவதற்கே அவர்கள் தம் உடலின் நீரைச் செலவிடுகிறார்கள். கழிப்பிடம் இல்லாத இடங்களில் வேலை செய்யும் பெண்களோ, கையில் நீர் இருந்தும் பருகாமல் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். இதைக் காட்ட எந்தப் பாலைவனமும் வேண்டியதில்லை.

ஆயினும் இந்தத் தாகத்துக்குக் கதைப்படங்கள் உரிய இடம் தரவில்லை. தில்லியின் கன்னாட் பிளேஸுக்கு அருகே நீரைத் தேக்கவென்றே கட்டப்பட்ட அக்ரசேன் படிக்கிணறு 'பிகே' (2014) படத்தில் வேற்றுக்கோள்வாசி தங்கும் அழகிய பின்னணியாக அமைந்ததேயன்றி, அது வறண்ட கதை அங்கே பேசப்படவில்லை. நகரத்துக்குள்ளும் தாகத்தை அதன் முழு வலியோடு காட்ட முடியும் என்பதற்கு விக்ரமாதித்ய மோட்வானேவின் 'டிராப்டு' சான்றாகிறது. ஆளில்லாத மும்பை அடுக்குமாடி வீட்டில் நீரும் மின்சாரமுமின்றி அடைபட்ட ஒருவனின் உடல் நாளுக்கு நாள் நலிவதை அது பொறுமையாகப் பின்தொடர்கிறது. அதே பொறுமையோடு ஒரு கேமரா தண்ணீர் லாரியின் வரிசையில் நின்றால், அங்கு காத்திருக்கும் பெண் அன்று இழந்த கூலியும், பள்ளிக்குப் போகாமல் அவளருகே குடத்தோடு நிற்கும் மகளும், வரிசையில் நிற்க வலுவின்றி வீட்டிலேயே இருந்துவிட்ட மாமியாரும் அதன் கண்ணுக்குத் தப்பமாட்டார்கள்.