“அம்மா, நீங்க அதைப் படிச்சீங்களா?”

பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லி முதல்வர் அறையிலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, தமிழ்த்துறையில் யாரும் தலையைத் தூக்கவில்லை. ஐந்து நாள். இடம், பக்கத்து ஊர் பொறியியல் கல்லூரி. சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது என்று கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருவார்களாம்.

“சர்டிபிகேட் உண்டா?” என்றார் ஒருவர். “ஆன்லைன்ல வைக்க மாட்டாங்களா?” என்றார் இன்னொருவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கொரோனா காலத்து ஆன்லைன் பயிற்சிகளில் கேமராவை அணைத்துவிட்டு இட்லிக்கு மாவு அரைத்தவர்கள் எத்தனை பேர் என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் துறைத்தலைவர் எழுதிக் கொடுத்தது, ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடமே இருந்த பேராசிரியையின் பெயரை. பதவி உயர்வுக்கான சான்றிதழ் எதுவும் அவருக்குத் தேவையில்லை. ஆனாலும் அவர்தான் பொருத்தம் என்று எல்லோருக்கும் தோன்றியது. போன மாதம்தான் அவர் ஒரு பையனைக் ‘கையும் களவுமாகப்’ பிடித்திருந்தார்.

பையன் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. கடைசி பெஞ்ச். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பைபாஸ் ரோட்டு பெட்ரோல் பங்கில் வேலை. வகுப்பில் வாயே திறக்காதவன், ‘சங்கப் பாடல்களில் மழை’ என்ற அசைன்மென்ட்டைப் பதினோரு பக்கத்துக்கு டைப் செய்து அனுப்பியிருந்தான். பிழையில்லாத தமிழ். சின்னச் சின்ன வாக்கியம். ஒன்றையொன்று கைபிடித்துப் போகிற நடை. முதல் பக்கம் முடிவதற்குள் பேராசிரியைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவனாவது, இப்படியாவது!

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் தளம் ஒன்றை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். முழுக் கட்டுரையையும், மேலே இருந்த பெயர், பதிவு எண்ணோடு சேர்த்து அதில் ஒட்டினார். 87 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று சிவப்பில் வந்தது.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனை எழுப்பினார். “நானேதாம்மா எழுதினேன்” என்றான் இரண்டு தடவை. மூன்றாவது தடவை சொல்லவில்லை. அசைன்மென்ட்டுக்கான ஐந்து மதிப்பெண்ணில் பூஜ்யம் போட்டு, அக மதிப்பீட்டுப் பட்டியலையும் அனுப்பியாகிவிட்டது.

பயிற்சியில் முதல் இரண்டு நாள் போனதே தெரியவில்லை, தூக்கத்தில். வரவேற்புரை, குத்துவிளக்கு, 80 ஸ்லைடுகள், சாம்பார் சாதப் பொட்டலம். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவர் நோட்டில் ஏறியது. பயிற்சி கொடுத்த இளைஞருக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். “கல்யாண வீட்டு வாசல்ல ‘வாங்க, வாங்க’ன்னு சொன்னா அடுத்து என்ன வரும் மேடம்?” என்று கேட்டார். “‘சாப்பிட்டீங்களா’ன்னு வரும்.” “அவ்வளவுதான். இந்தக் கருவியும் அடுத்து எந்தச் சொல் வரும்னு கணிச்சுக் கணிச்சுத்தான் எழுதுது. கோடிக்கணக்கான பக்கம் படிச்ச பழக்கம். உண்மையா பொய்யான்னு அது நின்னு யோசிக்கறதில்லை.”

மூன்றாம் நாள் கணினி ஆய்வகத்தில் செய்முறை. “கண்டுபிடிக்கிற தளங்களைப் பத்திப் பேசுவோம்” என்று அவர் ஆரம்பித்ததும் பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே தன் அனுபவத்தைச் சொல்லலாம் என்றுகூட நினைத்தார்.

“2022 நவம்பர் 30-க்கு முன்னாடி நீங்க எழுதின ஏதாவது ஒண்ணு இருக்கா? அதை ஒட்டிப் பாருங்க” என்றார் இளைஞர். அது சாட்ஜிபிடி வெளியான நாள்.

பேராசிரியையின் மின்னஞ்சலில் 2009-ல் ஒரு கருத்தரங்க மலருக்கு எழுதிய கட்டுரை இருந்தது. இரண்டு மாதம் கன்னிமாரா நூலகத்துக்கு நடந்து எழுதியது. அதே தளத்தில் ஒட்டினார். 78 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று சிவப்பில் வந்தது.

சுற்றிலும் சிரிப்பு. எல்லோருக்கும் அதேபோல ஏதோ ஒன்று வந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை.

இளைஞர் விளக்கிக்கொண்டே போனார். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த சொல் வந்து, வாக்கியங்கள் சீராக இருந்தால் இத்தகைய தளங்கள் இயந்திரத்தின் வேலை என்று சந்தேகப்படும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள். சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியதாக வந்தது. எல்லாமே மனிதர்கள் எழுதியவை. “அதுவே இங்கிலீஷ்ல மேடம். இந்தத் தளத்துக்குத் தமிழ் தெரியுமான்னு கீழ பாருங்க.”

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் மொழிகளின் பட்டியல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். பத்துப் பதினைந்து மொழிகள். தமிழ் இல்லை.

அன்று மதியம் அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

நான்காம் நாள் ஆளுக்கு ஒரு அசைன்மென்ட்டைப் புதிதாக அமைக்க வேண்டும். கருவியிடம் கேட்டு அப்படியே எழுத முடியாததாகவோ, கேட்டாலும் அதைச் சோதிக்க மாணவர் மெனக்கெட வேண்டியதாகவோ இருக்க வேண்டும். வேதியியல்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, பேராசிரியை புறநானூறு 267-ஐப் பாடலும் விளக்கமுமாகத் தரும்படி கருவியிடம் கேட்டார். மளமளவென்று வந்தது. எட்டு அடிப் பாட்டு, திணை, துறை, பாடியவர் பெயர், பொழிப்புரை.

“அருமையா இருக்கே மேடம்” என்றார் பக்கத்து நாற்காலி வணிகவியல்.

“இருக்கும். ஆனா அப்படி ஒரு பாட்டே நம்ம கையில இல்லை” என்றார் அவர். புறநானூற்றில் 267, 268 இரண்டும் சுவடிகளில் கிடைக்காமல் போனவை. 1894-ல் உ.வே.சா. நூலைப் பதிப்பித்தபோது இல்லாததை இல்லை என்றே விட்டார். சிதைந்த அடிகளுக்குப் புள்ளி வைத்தார். தன் தமிழுக்கு அந்த வெற்றிடத்தை நிரப்புகிற வல்லமை இல்லாதவரா அவர்? மாணவர்கள் கருவி தந்த பாட்டை நூலகப் பதிப்போடு ஒப்பிட்டு, எங்கே ஏமாந்தோம் என்று எழுதிவர வேண்டும். இதுதான் அவர் அமைத்த அசைன்மென்ட். ஆய்வகமே கைதட்டியது. அந்த ஐந்து நாளில் அவர் சந்தோஷமாக இருந்த பத்து நிமிடம் அதுதான்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும், முதல் மணி முடிந்து அவனை வராந்தாவில் நிறுத்தினார். 31 வருடம் பாடம் நடத்திய நாக்கு புரளவில்லை. “தம்பி, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. அந்தத் தளம் சொன்னதை நம்பியிருக்கக் கூடாது.”

“பரவால்லம்மா” என்றான் சட்டென்று. பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் தப்பித்து ஓடப் பார்ப்பார்களே, அந்த வேகம்.

“எப்படிடா அப்படி எழுதின?”

“மாவட்ட லைப்ரரில மு.வ. புஸ்தகம் நிறைய இருக்கும்மா. பங்க்ல கூட்டம் இல்லாதப்ப படிப்பேன். அவர் மாதிரி சின்னச் சின்னதா எழுதிப் பாத்தேன்.” நாலு எட்டு நடந்தவன் திரும்பினான். “அம்மா, நீங்க அதைப் படிச்சீங்களா?”

அவரிடம் பதில் இல்லை. படித்தது ஒரு பக்கம். மிச்சம் பத்துப் பக்கத்தைப் படித்தது அந்தத் தளம்.

சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரவுச் சமையலைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். மூன்றாம் பக்கத்தில் பெட்ரோல் பங்க் வந்தது. மழை பிடித்துக்கொண்டால் வண்டிக்காரர்கள் கூரைக்குக் கீழே ஒதுங்கி, முன்பின் தெரியாதவர்கள் பேச ஆரம்பிப்பார்கள் என்று எழுதிவிட்டு, அங்கிருந்து செம்புலப்பெயனீராரின் குறுந்தொகை 40-க்குப் போயிருந்தான். பேராசிரியை அந்த இடத்தை இரண்டு தரம் படித்தார். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் இருந்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது.

ஆறாம் பக்கத்தில் பேனா நின்றது. அதே குறுந்தொகை 40-ஐ முல்லைத் திணைப் பட்டியலில் சேர்த்திருந்தான். அது குறிஞ்சி. மழை வந்தாலே கார்காலம், கார்காலம் என்றால் முல்லை என்று கணக்குப் போட்டிருப்பான். வட்டம் போட்டார்.

“அஞ்சு மார்க்தானே மேடம், அடுத்த செமஸ்டர்ல சேர்த்துக் கொடுத்திடலாமே” என்றார் துறைத்தலைவர். அனுப்பிய பட்டியலைத் திருத்த வேண்டுமென்றால் முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் போக வேண்டும். காரணம் எழுத வேண்டும். கோப்பில் நிற்கும். பேராசிரியை எழுதினார்: ‘கட்டுரையை முழுமையாகப் படிக்காமல் மதிப்பெண் வழங்கிவிட்டேன். தவறு என்னுடையது.’ கையெழுத்து வாங்க மூன்று நாள் அலைந்தார். வகுப்பிலும், அவனை எழுப்பிய அதே மணியில், எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். பையன் தலையைக் குனிந்து மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பட்டியல் ஒட்டப்பட்டது. அன்று மத்தியானம் துறை வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, அஞ்சுக்கு நாலு போட்டிருக்கீங்க. ஒரு மார்க் எதுக்கும்மா போச்சு?”

அவர் அலமாரியிலிருந்து குறுந்தொகையை எடுத்து, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“உட்காரு, சொல்றேன்.”