கைதட்டலை என்ன செய்வது?

சென்ற பொங்கல் விழாவில் என் அறைத் தோழன் நம் மன்ற மேடையில் பாடியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதை ஒலிப்பதிவு செய்தவன் அடியேன். அதில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோழனின் தந்தை மிருதங்கம் வாசித்தவர். பக்கவாதம் கண்டு திருவையாற்றில் படுக்கையில் இருக்கிறார். மகனின் முதல் கச்சேரியை அவர் கேட்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஒலிவாங்கிகள் இரண்டு வைத்தேன்: ஒன்று பாடகர் முன், மற்றொன்று சபையை நோக்கி. தம்பூராவின் ரீங்காரத்துக்கு ஏற்றபடி அளவை வைத்தால், கைதட்டலுக்குக் கருவி சிவப்பு காட்டியது. டில்லிக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்றோ என்னவோ, பஞ்சாபி நண்பர்களும் சளைக்காமல் தட்டினார்கள்!

விடுதி அறையில், ஒலியைத் தானே சமன் செய்யும் கணினி நிரலிடம் பதிவை ஒப்படைத்தேன். கரவொலி எழுந்ததும் அது எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கியது. அதனடியில் தொடங்கிய வயலின் காணாமற் போயிற்று. கரவொலி அடங்கியதும் யாரோ இருமியது இடியாகக் கேட்டது.

நம் கச்சேரியில் இது பெருந்தொல்லை. ஆலாபனை முடிந்ததும் தட்டுகிறோம். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுகிறோம். அந்த ஓசைக்குள்ளேயே பாடகர் பல்லவியை எடுத்துவிடுகிறார். எதை வெட்டுவது, எதை வைப்பது?

சலித்துப்போய், சபைப் பதிவையே நீக்கினேன். பாடகரின் ஒலிவாங்கியில் தூரத்து மழைபோல் விழுந்திருந்த கைதட்டலையும் முடிந்த இடங்களில் வெட்டினேன். பாட்டு பளிங்குபோல் இருந்தது. பெருமையோடு அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்துத் தந்தை தொலைபேசியில் பேசினார். "நல்லாத்தான் பாடியிருக்கே. ஏண்டா, கேக்க ஆளே வரலையா?"

தோழன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நிறைந்த சபையைக் காலி செய்தவன் நானல்லவா?

பீட்டில்ஸ் குழுவினர் 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஹாலிவுட் பவுல் அரங்கில் பாடினார்கள். ரசிகர்களின் அலறல் பாட்டை மூழ்கடித்த அந்தப் பதிவுகள் இசைத்தட்டாக வெளிவந்தது 1977இல்தான். அப்போதும் அலறலை அடியோடு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அது அந்தக் கச்சேரியாக இருந்திருக்காது.

அன்றிரவே மறுபடி உட்கார்ந்தேன். சபைப் பதிவைத் திரும்பச் சேர்த்தேன். கைதட்டல் எழும் முதல் நொடியைத் தொடவில்லை. பிறகு மெல்ல மெல்ல 6 டெசிபல் இறக்கினேன். அதாவது ஒலியலையின் வீச்சைப் பாதியாக்கினேன். பல்லவி எடுக்குமிடத்தில் இன்னும் ஒரு 6. சட்டென்று குறைத்தால் காது கண்டுபிடித்துவிடும். படிப்படியாக இறக்கினால் குறை சொல்லாது. பாட்டையோ நான் தொடவே இல்லை.

புதிய பதிவைத் தந்தை கேட்டபோது பக்கத்திலிருந்த தோழனின் அம்மா சொன்ன செய்தி இது: தனி ஆவர்த்தனம் முடிந்து சபை ஆரவாரித்தபோது, அவரும் நல்ல கையால் கட்டிற் சட்டத்தைத் தட்டினாராம்.

அடுத்த பொங்கலுக்கும் ஒலிப்பதிவு என் பொறுப்புத்தான். நண்பர்களே, தாராளமாகக் கைதட்டுங்கள். பல்லவி எடுத்ததும் மட்டும் கொஞ்சம் நிறுத்திக் கொள்ளுங்கள்!